பம்புக்கும் ஒரு குளியல்

குக்கர் வாஷரைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதினாலும் எழுதினேன், 'ரிப்பேர் அக்கா' என்று எனக்குப் பட்டமே கட்டிவிட்டார்கள்! மிக்ஸி மூடி கசிகிறது, கிரைண்டர் கல் முனகுகிறது, தையல் மெஷின் நூலை விழுங்குகிறது என்று தினம் ஒரு கடிதம். எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் தெரியும் என்று நினைக்கிறீர்களே, அந்த நம்பிக்கைக்கு ஒரு கும்பிடு.

ஆனால் மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்த கடிதம் மற்றக் கடிதங்களையெல்லாம் தூக்கி அடித்துவிட்டது.

"எங்களுக்கு ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. சின்ன லோடு வண்டி ஒன்றில் தொட்டியும் பம்பும் பொருத்திக் களைக்கொல்லி அடிக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பம்பு மக்கர் செய்கிறது. சனிக்கிழமை ஊருக்குப் போகிற என் கணவர் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பம்பு மாற்றியாயிற்று. அதற்கு என்னதான் வியாதி? நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னால் எனக்கு என் ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைக்கும்."

சிரித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைக்கப் போனேன். ஆனால் மனசு கேட்கவில்லை. அந்த மாதிரிப் பம்போடு எனக்கும் ஒரு பழைய பரிச்சயம் உண்டு. அந்தப் பரிச்சயத்தில் ஒரு நிமிஷம் குலை நடுங்கிப் போனதும் உண்டு. அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

"நாங்கள் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறவர்கள். களைக்கொல்லிப் பம்புக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் அடுக்களைச் சுவரில் குடிதண்ணீர் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. இயந்திரம் 'கொர்ர்' என்று சத்தம் போடுகிறதல்லவா? அதற்குள் இருப்பது இந்தப் பம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. மொட்டை மாடிச் செடிகளுக்கு வேப்பெண்ணெய் அடிக்க முதுகில் மாட்டிக்கொள்ளும் பாட்டரி ஸ்பிரேயருக்குள் இருப்பது கூடப்பிறந்த தம்பியேதான். ஆகவே கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்.

இதற்கு டயாபிரம் பம்பு என்று பெயர். டயாபிரம் என்றால் சவ்வு. மோட்டார் சுற்றும்போது அதன் முனையில் உள்ள ஒரு கோணல் சக்கரம் ரப்பர் சவ்வை முன்னும் பின்னும் அசைக்கிறது. சவ்வு பின்னால் போனால் தொட்டியிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது; முன்னால் வந்தால் குழாய்க்குள் தள்ளுகிறது. உறிஞ்சின தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போகாதபடி குட்டிக் குட்டி ரப்பர் வால்வுகள் காவல் நிற்கின்றன. தெருவில் அடிபம்பு அடித்திருக்கிறீர்கள் அல்லவா? அதே வித்தைதான். கைக்குப் பதில் மோட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். வண்டியின் 12 வோல்ட் பாட்டரியிலிருந்தே அதற்கு மின்சாரம் கிடைத்துவிடுகிறது.

குக்கரில் வெயிட் போட்டதும் உள்ளே ஏறும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. இந்தச் சின்னப் பம்பு அதைப் போல மூன்று பங்கு அழுத்தம், அதாவது 45 பவுண்டு, சிலவற்றில் 60 பவுண்டு வரை ஏற்றிவிடும். குக்கராக இருந்தால் விசில் அடித்து ஆவியை விடும். பம்புக்கு விசில் இல்லை. அதற்குப் பதிலாகத் தலையில் ஒரு பிரஷர் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். கையில் பிடித்திருக்கும் 'கன்'னை மூடினால் குழாயில் அழுத்தம் ஏறும். சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும். கன்னைத் திறந்தால் அழுத்தம் இறங்கும்; மோட்டார் மறுபடி ஓடும். இவ்வளவு தெரிந்தால் போதும், பம்பின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிடலாம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

இரண்டு வருஷங்களுக்கு முன், உடுமலைப்பேட்டைப் பக்கம் என் அண்ணன் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. வண்டிப் பாதையின் இரண்டு பக்கமும், தரிசு மூலையிலும், பார்த்தீனியம் இடுப்பு உயரத்துக்கு வெள்ளைப் பூ பூத்து நின்றது. அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்த செடி அது. இந்த நாட்டில் 1950-களில் பூனாப் பக்கம் கண்ணில் பட்டது, இன்றைக்கு அது இல்லாத தாலுகா கிடையாது. தொட்டால் சிலருக்கு அரிப்பு, அதன் மகரந்தம் பட்டால் சிலருக்கு இழுப்பு. அண்ணி அந்தப் பக்கம் போனாலே தும்முவாள். அதற்காகத்தான் லோடு வண்டியில் நூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியும் பம்பும் பொருத்தியிருந்தார் அண்ணன்.

நான் போய் இறங்கின நேரம், வண்டியைச் சுற்றி மூன்று ஆண்பிள்ளைகள் நின்று பம்பையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வா அம்மிணி! நல்ல நேரத்துல வந்தே. பம்பு செத்துப் போச்சு. டவுனுக்குப் போயிப் புதுசு வாங்கோணும்" என்றார் அண்ணன்.

"மூணு வாரத்துக்கு முந்தி நல்லாத்தானுங்க அடிச்சுது" என்றார் டிரைவர் தம்பி.

"மூன்று வாரத்துக்கு முந்தி அடித்த மருந்து இன்னும் தொட்டியிலா இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அரைத் தொட்டி இருக்குதுங்க்கா. அன்னிக்கு நம்ம வீட்டு வளைகாப்புங்க. பாதியில விட்டுப்போட்டு எல்லாரும் ஓடியாந்துட்டோம்."

கேட்டீர்களா கதையை! பாயசம் காய்ச்சின பாத்திரத்தை மூன்று வாரம் கழுவாமல் வெயிலில் போட்டு வைத்தால் அதன் கதி என்ன ஆகும்? அப்படித்தான் ஆகியிருந்தது.

"அண்ணா, பம்பு செத்ததா, மயக்கம் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் டவுனுக்குப் போகலாம்" என்றேன். "உனக்கு எதுக்கு அம்மிணி இந்த அழுக்கு வேலை?" என்று அவர் சொல்லச் சொல்ல, அண்ணியிடமிருந்து ரப்பர் கையுறை இரண்டு ஜதை வாங்கிக்கொண்டேன். ஒன்று எனக்கு, ஒன்று டிரைவர் தம்பிக்கு.

முதல் காரியம், தொட்டியில் இருந்த மருந்துத் தண்ணீரை மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டிரம்முக்கு இறக்கி, மேலே 'களை மருந்து, விஷம்' என்று பெரிதாக எழுதி வைத்தோம். பிறகு நல்ல தண்ணீர் ஊற்றினோம். ரிப்பேர் பார்ப்பதென்றால் எப்போதும் வெறும் தண்ணீரில்தான் பார்க்க வேண்டும். விஷத்தை வைத்துக்கொண்டு குழாயைக் கழற்றுவது, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு திருகாணி தேடுகிற மாதிரி.

இரண்டாவது காரியம், சுவிட்சை அணைத்துவிட்டு, கன்னை ஒரு தடவை அழுத்திக் குழாயில் நிற்கும் அழுத்தத்தை வெளியே விட்டோம். ஆவி இறங்காமல் குக்கரைத் திறப்போமா? அதே சட்டம்தான் இதற்கும். ஒயரைத் தொடுவதற்கு முன் பாட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டோம்.

மூன்றாவதாக மின்சாரத்தைப் பார்த்தோம். சுவிட்சைப் போட்டால் மோட்டார் 'கம்' என்றுகூடச் சொல்லவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஆனால் பாட்டரியில் ஒயர் சேரும் இடத்தில், துலக்காத செப்புக் குடத்தில் ஏறுமே, அந்தப் பச்சைக் களிம்பு! கழற்றிச் சுரண்டித் துடைத்து இறுக்கினோம். மோட்டார் 'டர்ர்' என்று உயிர் பெற்றது. அண்ணன் முகத்தில் சிரிப்பு வந்தது.

ஆனால் தண்ணீர் வரவில்லை.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் உடனே பம்பைப் பிரித்துவிடாதீர்கள். முதலில் வாளி வைத்தியம். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு சின்னக் குழாய்த் துண்டைப் பம்பில் மாட்டி, அதன் நுனியை ஒரு வாளி நல்ல தண்ணீரில் போடுங்கள். கன்னின் நுனியில் உள்ள நாசிலையும் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். இப்போது தண்ணீர் வந்தால் பம்பு நிரபராதி. குற்றவாளி தொட்டிப் பக்கம் இருக்கிறான், அல்லது நாசிலில் இருக்கிறான். அப்போதும் வராவிட்டால்தான் பம்பின் தலையைத் திறந்து வால்வில் குப்பை சிக்கியிருக்கிறதா, சவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் வாளி வைத்தியத்தில் தண்ணீர் 'ஜிவ்'வென்று பீறிட்டுப் பக்கத்துத் தென்னை மரத்தை நனைத்தது. "புதுசு வாங்க எடுத்து வெச்ச பணத்தை அண்ணிகிட்டக் குடுத்துடுங்க" என்றேன் நான். அண்ணி உள்ளே இருந்தபடியே, "கேட்டுதுங்க!" என்றாள்.

அப்புறம் தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே உள்ள ஃபில்டரைத் திறந்தோம். பார்க்கவே சகிக்கவில்லை. தயிர் திரிந்த மாதிரி வெள்ளைப் பத்தை, அதன் மேல் வாய்க்கால் வண்டல். அவர்கள் அடித்தது 2,4-டி என்கிற களைக்கொல்லிப் பொடி. உப்புப் போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் பத்தை பத்தையாகத் திரளுமே, அதே மாதிரி கடின நீரில் இந்த மருந்தும் திரண்டு படியும். கரைத்தது போர்த் தண்ணீர். குறைக்கு ஊற்றிக்கொண்டது வாய்க்கால் தண்ணீர். விட்டு வைத்தது மூன்று வாரம். பம்பு என்ன பாவம் செய்தது?

ஃபில்டரைக் கழுவி மாட்டினோம். குழாய் கிளிப்பையும் இறுக்கினோம். உறிஞ்சுகிற குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் பம்பு தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடிக்கும். கண்ணாடி மாதிரித் தெரிகிற குழாயாக இருந்தால், அதில் முத்து முத்தாகக் குமிழி ஓடுவதைப் பார்த்தே கண்டுகொள்ளலாம்.

மிச்சம் இருந்தது நாசில் ஒன்றுதான். அதன் கண் அடைத்திருந்தது. டிரைவருக்கு ஒத்தாசையாக ஒரு பையன் நின்றிருந்தான். பதினெட்டு, பத்தொன்பது வயசு இருக்கும். "இது சப்பை வேலைங்க்கா" என்று சொல்லிக்கொண்டே நாசிலை எடுத்தான். சட்டையில் ஒரு தேய் தேய்த்தான். ஊதுவதற்காக வாய்க்குக் கொண்டு போனான்.

"கண்ணு, வேண்டாம்!"

நான் போட்ட கூச்சலில் நாசில் அவன் கையிலிருந்து கீழே விழுந்தது. மாட்டுக் கொட்டிலில் கட்டியிருந்த கன்றுகூடத் திரும்பிப் பார்த்தது.

பையன் பரிதாபமாகச் சிரித்தான். "எப்பவும் இப்படித்தானுங்க்கா ஊதுவோம்."

எப்பவும்! அந்த ஒரு வார்த்தையில் என் குலை நடுங்கிப் போயிற்று. போன மாதம் இதே நாசில் வழியாக என்ன மருந்து அடித்தீர்கள் என்று கேட்டேன். டிரைவர் தம்பி யோசித்துச் சொன்ன பெயர், பாராகுவாட்.

சகோதரிகளே, இந்தப் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாய் உள்ளே போனால் உயிருக்கே ஆபத்தான களைக்கொல்லி அது. குடித்த அன்றைக்கு ஆள் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். சில நாட்களில் சிறுநீரகமும் நுரையீரலும் கெட்டுப் போகும். அதை முறிக்கிற மாற்று மருந்து என்று ஒன்று இதுவரை கிடையாது. ஐரோப்பிய யூனியனில் 2007-லேயே அதன் உபயோகம் நின்றுவிட்டது. நாசிலில் ஒட்டியிருந்தது சொட்டாகவே இருக்கட்டும். சொட்டுத்தானே என்று சொல்லிக்கொண்டு, தினம் தினம் உதட்டில் வைக்கிற பொருளா அது?

பையனைச் சோப்புப் போட்டுக் கை கழுவி, முகம் கழுவி, சட்டையையும் மாற்றிக்கொண்டு வரச் சொன்னேன். அதற்குள் அண்ணியிடம் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் கேட்டு வாங்கினேன். நாசிலைத் தண்ணீரில் ஊறப் போட்டு, அந்தப் பிரஷ்ஷால் நாலு தேய், கண் திறந்துகொண்டது. ஊசி, கம்பி, குண்டூசி எதையும் விட்டுக் குத்தக் கூடாது. குத்தினால் துளை பெரிதாகிவிடும். விசிறி மாதிரி விரிய வேண்டிய மருந்து ஒரு பக்கம் கொட்டும், ஒரு பக்கம் படாது.

பம்பு பிழைத்தது. ஆனால் அன்றைக்கு எனக்குக் கிடைக்க வேண்டிய குட்டு ஒன்று பாக்கி இருந்தது.

கழுவிக்கொண்டிருக்கும்போது டிரைவர் தம்பி சொன்னார்: "வரப்பு ஓரத்துக்கு வண்டி போகாதுங்க்கா. அங்கெல்லாம் முதுகுல மாட்டற சின்ன ஸ்பிரேயர்லதான் இதே மருந்தை அடிப்போம். போன வருஷம் நீங்ககூடக் கோயமுத்தூருக்கு எடுத்துட்டுப் போனீங்களே, அதுதானுங்க."

எனக்குச் சுரீர் என்றது. வாஸ்தவம்தான், எடுத்துப் போயிருந்தேன். மொட்டை மாடித் தக்காளிக்கு வேப்பெண்ணெய் அடிக்க. அடித்த ஒரு வாரத்துக்குள் தக்காளிச் செடிகள் எல்லாம் இலை சுருண்டு, நாடா மாதிரிக் குறுகி, தண்டு கொக்கி போல முறுக்கிக்கொண்டு போயின. வெண்டையும் அப்படியே. நாற்றுக் கொடுத்த கடைக்காரரிடம் போய் நான் ஆடாத ஆட்டம் இல்லை. "நோய் பிடித்த நாற்றை என் தலையில் கட்டிவிட்டீர்களே" என்று கேட்டேன். பாவம், அவர் மறுபேச்சுப் பேசாமல் வேறு நாற்றுக் கொடுத்து அனுப்பினார்.

நோயும் இல்லை, நாற்றிலும் குற்றம் இல்லை. 2,4-டி என்பது புல் இனத்தை விட்டுவிட்டு, அகன்ற இலைச் செடிகளைப் பிடிக்கும் மருந்து. மக்காச்சோளத்தை ஒன்றும் செய்யாது. பார்த்தீனியத்தை முறுக்கிப் போடும். தக்காளி, வெண்டை, பருத்தி, திராட்சை இவற்றுக்கெல்லாம் துளி பட்டாலே போதும். ஸ்பிரேயரின் குழாயிலும் வால்வு இடுக்கிலும் ஒட்டிக்கொண்டிருந்த அந்தத் துளியை நானே என் கையால் என் செடிகளுக்கு அடித்திருக்கிறேன்! அடுத்த தடவை நாற்று வாங்கப் போனபோது அந்தக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். "பரவாயில்லீங்க அம்மா" என்றார். எனக்குத்தான் பரவாயில்லாமல் போயிற்று.

ஆகையால், மாம்பலத்துச் சகோதரியே, உங்கள் பம்புக்கு வந்திருப்பது பெரிய வியாதி என்று எனக்குத் தோன்றவில்லை. குளிக்காத வியாதி! அதைக் குளிப்பாட்டும் முறையை எழுதித் தருகிறேன். வெட்டி வைத்துக்கொண்டு உங்கள் கணவர் கையில் கொடுங்கள்.

மருந்தை அன்றன்றைக்கு வேண்டிய அளவுதான் கரைக்க வேண்டும். வேலை முடிந்த அன்று மாலையே கழுவ வேண்டும். மறுநாள் என்பது கிடையாது. அரிசியை ஒரே தடவையாக அண்டாத் தண்ணீர் கொட்டியா களைகிறோம்? கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மூன்று தடவை களைகிறோம். தொட்டிக்கும் அப்படித்தான். பத்தில் ஒரு பங்கு நல்ல தண்ணீர் விட்டு, வண்டியைக் கொஞ்சம் ஆட்டி, பம்பை ஓட்டி, குழாய், கன் வழியாக வெளியே விட வேண்டும். இதே போல மூன்று தடவை. அந்தக் கழுநீரை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டக் கூடாது. மருந்தடித்த களை மேலேயே அடித்துவிட வேண்டும்.

2,4-டி மாதிரி மருந்தாக இருந்தால் இன்னொரு படி உண்டு. பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி சலவைச் சோடா கரைத்து, பம்பு, குழாய் எல்லாவற்றிலும் நிரப்பி, இரவு முழுதும் ஊற வைத்து, காலையில் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலச வேண்டும். ஃபில்டரையும் நாசிலையும் கழற்றித் தனியாகக் கழுவ வேண்டும். கடைசியில் சில விநாடிகள் பம்பை ஓட்டி, உள்ளே நிற்கும் தண்ணீரையும் வெளியேற்றி, தொட்டி மூடியைத் திறந்து வைத்து, வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும். பனி பெய்யும் நாடுகளில் உள்ளே தங்கின தண்ணீர் உறைந்து பம்பின் தலையே வெடித்துவிடும். நம் ஊரில் வெயில்தான் எதிரி. ரப்பரையும் குழாயையும் அது காய்த்து வெடிக்க வைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் மக்கர் செய்தால், அது போடும் சத்தமே காரணத்தைச் சொல்லும்.

'பட் பட் பட்' என்று விட்டு விட்டு ஓடுகிறதா? வெளியே போகிற வழி குறுகியிருக்கிறது. அழுத்தம் சட்டென்று ஏறிச் சுவிட்ச் அணைகிறது, மறுபடி போடுகிறது. நாசிலைப் பாருங்கள், குழாய் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

கன்னை மூடின பிறகும் நிற்காமல் ஓடுகிறதா? எங்கேயோ கசிகிறது, அல்லது தொட்டி காலி, அல்லது வால்வு தேய்ந்துவிட்டது.

முக்கி முனகி மெதுவாக ஓடுகிறதா? பாட்டரி இளைத்திருக்கிறது; அல்லது சன்ன ஒயர் போட்டிருக்கிறார்கள். பம்புக்குத் தடித்த ஒயர்தான் போட வேண்டும்.

மோட்டார் கை பொறுக்காத சூடாகி நின்றுவிட்டதா? ஆறவிடுங்கள். வெறும் தொட்டியோடு அதை ஓட விடாதீர்கள். ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளும், ஒரு மணி பொறுக்காது.

பம்பின் தலையும் மோட்டாரும் சேரும் இடத்தில் சொட்டுகிறதா? சவ்வு கிழிந்துவிட்டது. பல பம்புகளுக்குச் சவ்வும் வால்வும் தனியாகக் கிடைக்கும். முழுப் பம்பும் வாங்குவதற்கு முன் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் ஆர்.ஓ. இயந்திரத்துக்கும் இதுவே நியாயம். மோட்டார் சத்தம் போடுகிறது, தண்ணீர் சன்னமாக வருகிறது என்றால், "பம்பு போயிற்று" என்று வந்தவர் சொன்ன உடனே பர்ஸைத் திறக்காதீர்கள். "முதல் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, பாருங்கள்" என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்தவள் வீட்டில் பாதிப் பணம் மிச்சம்.

கடைசியாக, ரிப்பேரைவிட முக்கியமான நாலு வார்த்தை.

களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயர் வேறு, செடிக்கு அடிக்கிற ஸ்பிரேயர் வேறு. எவ்வளவு கழுவினாலும் வேறுதான். சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்துவிடுங்கள். மருந்து அளந்த குவளை, கரைத்த வாளி எதுவும் அடுக்களை வாசலை மிதிக்கக் கூடாது. மிச்ச மருந்தைக் கலர் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. தாகத்தோடு ஓடி வருகிற குழந்தை சீட்டைப் படித்துப் பார்த்தா குடிக்கும்? வாங்கின டப்பாவிலேயே, பூட்டின அலமாரியில் இருக்கட்டும்.

தப்பித் தவறி யாராவது விழுங்கிவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆள் நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்கவும் வேண்டாம். 108-க்குப் போன் செய்துவிட்டு, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்த விஷம் என்று டாக்டருக்கு உடனே தெரிய வேண்டும். மேலே பட்டுவிட்டால் துணியைக் களைந்துவிட்டுச் சோப்புப் போட்டு, கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கடைக்காரர் கொடுத்தார், வாங்கி அடித்தோம் என்றும் இருக்க வேண்டாம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை, பூச்சி ஒழிப்புப் பணிக்கென்று உரிமம் பெற்றவர்கள் மூலமாக மட்டுமே உபயோகிக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு ஆணையே போட்டது. டப்பாவின் மேலே எந்தப் பயிருக்கு, எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். ஜாக்கெட் பிட்டுக்கு அங்குலக் கணக்குப் பார்க்கிற நாம் அதையும் பார்த்துச் சொல்லலாம். ஆண்பிள்ளைகளுக்குக் கண்ணாடி எடுக்கச் சோம்பல்!

போன மாதம் மறுபடி அண்ணன் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அதே பம்புதான் ஓடுகிறது. "இன்னும் ரெண்டு வருஷம் வரும் அம்மிணி" என்றார் அண்ணன் பெருமையாக. எனக்கு அதைவிடச் சந்தோஷம் தந்தது வேறொன்று. வண்டியின் பின்பக்கக் கம்பியில், சணல் கயிற்றில் கட்டி, ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் தொங்கிக்கொண்டிருந்தது. "இதை யார் கட்டினது?" என்று கேட்டேன். அந்தப் பையன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

மாம்பலத்துச் சகோதரியே, ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைத்ததா என்று அவசியம் எழுதுங்கள். கிடைத்த ஞாயிற்றுக்கிழமையில் அவரைப் பாத்திரம் துலக்கவும் பழக்கிவிட்டீர்களானால், அதையும் எழுதுங்கள். மற்றவர்களுக்கு உபயோகப்படும்.

அடுத்த வாரம் நிச்சயமாகக் கிரைண்டர் கல்!